எரித்த கடிதத்தில் ஒரு சொல்

மார்ச் 4, செவ்வாய்

ஸ்டாக்டேல் மறுபடி வந்தார். மறைந்த என் வில்ஃப் பிரதமராக இருந்த மூன்று வருடங்களைப் புத்தகமாக எழுதுகிறாரே, அவர். பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி, பாதியைக் கோப்பையிலேயே தொலைக்கிற ஆள்.

"அந்தக் கடிதங்கள்ல உங்க வீட்டுக்காரர் என்ன எழுதினார், லேடி தர்ஸ்பி?"

பிரிட்டிஷ் பிரதமர் ஒவ்வொருவரும் பதவிக்கு வந்ததும் தன் கையால் எழுதுவது. நாடே அழிந்து, உத்தரவு போட ஆளில்லாமல் போனால், அணுகுண்டு சுமக்கும் நீர்மூழ்கியின் கேப்டன் பிரித்துப் படிப்பதற்கு. திருப்பி அடி, அடிக்காதே, நேச நாட்டோடு சேர்ந்துகொள், நீயே முடிவு செய் - இவற்றில் ஒன்று என்பார்கள். பதவி போனதும் பிரிக்காமலே எரித்துவிடுவார்கள்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

மார்ச் 5

பொய். எண்பத்தொரு வயதில். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள்.

வில்ஃபுக்கு எழுத்துக்கூட்ட வராது. அவருடைய காதல் கடிதங்களையே திருத்தித் திருப்பி அனுப்பியவள் நான். அந்தக் கடிதங்களை எழுத உட்கார்ந்த அன்று, அறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"மோனி, 'ஜட்ஜ்மென்ட்' ஸ்பெல்லிங்ல 'g'க்கு அப்புறம் 'e' வருமா?"

"கோர்ட்டு தீர்ப்புன்னா வராது. மனுஷனோட விவேகம்னா வரும்."

"அப்ப வரும்."

பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. காதுவரை சிவந்துவிட்டார், பாவம்.

"நீ எதுவும் கேக்கல" என்றார்.

"நீங்க எதுவும் சொல்லல."

ஆக, கேப்டனின் விவேகத்துக்கே விட்டிருக்கிறார்.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து மகள் பிரிஜிட் சாப்பிட வந்தாள். 'திருப்பி அடி' என்றுதான் எழுதியிருப்பார் என்று ஸ்டாக்டேல் போடப்போகிறாராம்.

"போடட்டுமேம்மா. எதுக்கும் முடிவு சொல்லாதவர்னு, 'பார்க்கலாம் வில்ஃப்'னு முப்பது வருஷமா கிண்டல் பண்றாங்க. ஒரு இடத்துலயாவது அப்பா கறாரா நிக்கட்டும்."

ஆட்டிறைச்சி காய்ந்துவிட்டது. என் தப்பு.

மார்ச் 10

உண்மை தெரிந்தால் இன்னும் சிரிப்பார்கள் - அதையும் ஒரு மாலுமி தலையில் கட்டிவிட்டார் என்று. நானே அப்படி நினைத்ததில்லையா? நினைத்தேன், கொஞ்ச நாள்.

ஆனால் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாரும் போய்விட்ட ஒருவன் கடலுக்கடியில் அந்த உறையைப் பிரிக்கிறான். அவனுக்கு அங்கே தெரியப்போவது இங்கே மேஜையில் உட்கார்ந்திருந்த வில்ஃபுக்கு எப்படித் தெரியும்? முகம் தெரியாத அந்த மனிதனை நம்பினார். அது கோழைத்தனமா? எனக்கு அப்படிப் படவில்லை. அதற்காக, இல்லாத வீரத்தை அவர் மேல் போர்த்தவும் மனம் வரவில்லை.

மார்ச் 18

அத்தியாயம் பார்வைக்கு வந்தது. முப்பத்தாறு பிழைகள். 'திருப்பி அடி' வரியை முழுதாக அடித்து அனுப்பினேன். கிடைத்த உடனே ஸ்டாக்டேலின் தொலைபேசி.

"அப்ப உங்களுக்குத் தெரியும். வேற என்னதான் எழுதினார்?"

"யாரும் படிக்கக் கூடாதுன்னுதான் எரிச்சாங்க, ஸ்டாக்டேல்."

"அப்புறம் அந்தப் பட்டப்பேர்தான் நிக்கும்."

"நிக்கட்டும்."

ஏப்ரல் 2

திருத்தி வந்த அத்தியாயத்தின் தலைப்பே அதுதான்: 'பார்க்கலாம் வில்ஃப்'. பிரிஜிட் அழுதாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். பிழை இல்லை. கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்.