தோற்கிற அணிக்கு ஓர் அர்ச்சனை

அண்ணை, வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று பின்னேரம் பஸ்ஸின் மேல்தட்டில் உட்கார்ந்து உங்கள் தொப்பியை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்துமூன்று வயது ஆள், மூக்கு முழுவதும் தொப்பிக்குள். பக்கத்துச் சீட்டுக்காரி பையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போய்விட்டார். தலைக்கு வைக்கும் எண்ணெயும் தைலமும் கலந்த உங்கள் வாசம் அதில் அப்படியே இருக்கிறது. உங்கள் மனைவி, எனக்கு அக்கா, துவைக்காமலே தந்துவிட்டார்.

அமெரிக்காவில் உங்கள் தங்கச்சி வீட்டில் நின்ற ஆறு கிழமையில் நீங்கள் பிடித்துக்கொண்டு வந்த தொற்று வருத்தம், இந்தத் தொப்பியில் பெயர் இருக்கிற அந்த பேஸ்போல் அணி. நல்ல அணிகள் எத்தனையோ இருக்க, ஏன் இந்தத் தோற்கிற கூட்டம் என்று ஒருநாள் கேட்டேன்.

"வெல்லுறவங்களை நான் பாத்து என்ன செய்ய? அவங்கள் தங்கட பாட்டில வெல்லுவாங்கள்" என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி. அங்கே மத்தியானம் என்று நானே கணக்குப் போட்டுக்கொள்வேன். அதற்கு முன் உங்கள் போன் வரும்: "தம்பி, வாறியோ?" நானும் இங்கே லண்டனில் ஹரோவிலிருந்து பஸ் பிடித்து ரெய்னர்ஸ் லேனில் உங்கள் வீட்டுக்கு வந்து சேருவேன். முன் அறையில் டீவி, தட்டில் ரோல்ஸ், சோபாவில் நாங்கள் இருவர். ஒன்பது இன்னிங்ஸில் எட்டாவது வரைக்கும் எங்கள் ஆட்கள் முன்னுக்கு நிற்பார்கள். பிறகு ஒரு பந்து வானத்துக்குப் போய், யோசித்து, மெதுவாக இறங்கும். கையில் சுளகு அளவு கையுறையோடு கீழே நிற்பவன் அதையும் கோட்டைவிடுவான்.

"வெறுங்கையால பிடிக்கிற பந்தடா அது!" என்று நான் கத்துவேன். கிரிக்கெட் தெரியும் என்ற திமிர். நீங்களோ ரோல்ஸைக் கடித்தபடி, டீவியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பீர்கள். தன் அணி தோற்கும்போது இப்படி இருக்கிற மனுஷன் எந்த வகை என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன்.

வெற்றி எல்லாம் எனக்குப் போனில்தான் கிடைத்தது. "நேற்று வெண்டவங்கள் தம்பி." நான் பார்த்து அவர்கள் வென்றதே இல்லை. ஒருநாள் துணிந்து கேட்டேன்: "அண்ணை, என்ர கண்தானோ?"

நீங்கள் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "இருக்கலாம்" என்றீர்கள்.

அதற்குப் பரிகாரமாகத்தான் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனோம், எங்கள் அணிக்குப் பந்தெறிகிற நெட்டையன், அந்த நெடுவலின் பெயரில் அர்ச்சனை செய்ய. பிறந்த தேதியைப் போனில் எடுத்தாயிற்று. பிறந்த நேரத்துக்கு யாரிடம் போவது? ஐயர் தட்டோடு நின்று, "நட்சத்திரம்?" என்றார். நான் முழித்தேன். "கார்த்திகை எண்டு சொல்லு, முருகனுக்குப் பிடிக்கும்" என்று காதுக்குள் சொன்னீர்கள். ஐயர் அந்த வெள்ளைக்காரப் பெயரைச் சங்கல்பத்தில் இரண்டு தரம் தடுக்கி விழுந்து, மூன்றாந்தரம் ஒருமாதிரிக் கடந்தார்.

"ராசி?"

"தோக்கிற ராசி, ஐயா" என்றீர்கள். ஐயர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு நெடுவலும் வெல்லவில்லை.

பிறகு உங்களுக்குச் சுகமில்லாமல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்ட கிழமை, ஞாயிறு ஐந்தரைக்குப் போன் வந்தது. குரல் பாதியாய் இருந்தது. "தம்பி, வாறியோ?"

"இண்டைக்கு ஏலாது அண்ணை, ஷிப்ட்" என்றேன்.

ஷிப்ட் எதுவும் இல்லை. நான் வராவிட்டால் ஒரு தடவையாவது வெல்வார்கள், நீங்கள் அதைப் பார்க்கட்டும் என்றுதான் பொய் சொன்னேன். வீட்டில் டீவியைக்கூடப் போடாமல், கண்ணை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு இருந்தேன். புதன்கிழமை நீங்கள் போய்விட்டீர்கள்.

அந்த "ஏலாது"வைத்தான் இந்த ஒன்பது மாதமாகச் சுமந்து திரிகிறேன். முடிவைத் தேடிப் பார்க்க மனம் வரவில்லை. வென்றிருந்தால் நான் வராதது சரி என்றாவது இருக்கும் அல்லவா? இன்று தொப்பியை வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலில் சப்பாத்துப் போடும்போது, மெல்ல அக்காவிடம் கேட்டேன்: "கடைசி ஞாயிறு அண்ணை பாத்த மாட்ச், வெண்டவங்களே?"

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"எப்பிடித் தம்பி வெல்லுறது? அதெல்லாம் முதல்நாள் மாட்ச். ரெக்கோட் பண்ணி வைச்சிட்டு, காலமை எழும்பின உடன முடிவைப் பாப்பார். வெண்டிருந்தால் தன்ர பாட்டில இருந்து பாத்துப்போடுவார். தோத்திருந்தால்தான் உம்மை வரச்சொல்லிப் போன் அடிக்கிறவர். அதைத் தனிய இருந்து பாக்க ஏலாதாம்."