படியில்லாத வாசல்

அண்ணைக்கு,

யாழ்ப்பாண நகரத்தில் வீடற்றவர்கள் தங்கும் விடுதிகளுக்கு வரைபடம் போடுவதுதான் இப்போது என் வேலை. பஸ் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம், ஊன்றுகோலோடு உள்ளே போகலாமா என்று பார்த்துக் குறிக்கிறேன்.

நேற்றுப் போன விடுதியில் படிக்குப் பதிலாகச் சாய்தளமே இருந்தது. சந்தோஷமாகக் குறித்துக்கொண்டேன்.

"கிராம சேவகரின்ரை வதிவிடக் கடிதம் இல்லாமல் ஒருதரையும் எடுக்கமாட்டம், பிள்ளை" என்றார் பொறுப்பாளர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வீடில்லாத ஆளுக்கு ஆர் ஐயா வதிவிடக் கடிதம் குடுக்கிறது?"

"அது எங்கடை வேலையில்லை. போன கிழமையும் வல்வெட்டித்துறை ஆள் ஒருத்தர் ஊண்டுகோலோடை வந்திட்டுத் திரும்பிப் போனவர்."

நான் பெயர் கேட்கவில்லை. அது நீங்களாக இருக்குமோ என்று கேட்கப் பயமாக இருந்தது.

பஸ் நிலையத் தேத்தண்ணிக் கடைக்காரர் உங்களைக் காண்கிறவராம். அவரிடம்தான் இதைக் கொடுக்கிறேன்.

நீங்கள் எங்கள் வீட்டை விட்டுப் போன அன்றைக்கு என் கணவர் கதைத்ததைப் பற்றி இதில் எழுதமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் முன்வாசல் படிகளை இடித்துச் சீமெந்தால் சாய்தளம் போட்டார்.

எங்கள் வீட்டை வரைபடத்தில் குறிக்க முடியாது. ஆனாலும் பழக்கதோஷத்தில் எழுதுகிறேன்: கோயிலடியில் இறங்கினால் கிட்ட. படி இல்லை. கடிதம் கேட்கமாட்டோம்.

உங்கள் தங்கச்சி