சொர்ணா பேசிய ஊர்கள்

ஆலங்குடி
8 ஜனவரி 2024

அன்புள்ள மேரிக்கு,

பொங்கலுக்கு வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். என்னைக் கட்டிலோடு தூக்கி வாசல் வேப்பமரத்தடியில் போட்டுவிட்டான் மகன் வசந்த். சுண்ணாம்பு நெடி இங்கேயும் வருகிறது.

கடிதத்தைப் பார்த்து ஆச்சரியப்படாதே. வாட்ஸ்அப்பில் நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பத்து வரி அடித்தால், நீ ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புகிறாய். குவைத்தில் அத்தனை வருடம் ஒரே அறையில் படுத்து, ஒரே வார்டில் நர்ஸாக நின்று வேலை பார்த்தவளுக்கு ஒரு கட்டைவிரல்! தாளில் எழுதினால் தாளில்தானே பதில் வந்தாக வேண்டும்.

குரல்வளையை எடுத்த இடம் நன்றாக ஆறிவிட்டது. கழுத்துத் துளை வழியாக மூச்சு விடவும் பழகிக்கொண்டேன். பழக முடியாதது ஒன்றே ஒன்றுதான், பேச்சில்லாமல் இருப்பது. மருமகள் இலக்கியா எனக்கு ஒரு ஸ்லேட்டு வாங்கித் தந்திருக்கிறாள். பாவம், டீச்சராகப் போகும் பள்ளிக்கூடத்திலும் ஸ்லேட்டு, வீட்டுக்கு வந்தாலும் ஸ்லேட்டு. நான் எழுதி நிமிர்வதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. நேற்று ‘உப்பு இல்லை’ என்று எழுதிக் காட்டினேன். அதற்குள் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டார்கள்.

மேரி, என் குரல் எனக்கே மறந்துகொண்டு வருகிறது. வசந்த் போனில் பழைய பேச்சு ஒன்றிரண்டு இருக்கிறது. ‘தம்பி, வரும்போது தயிர் வாங்கிட்டு வா’ என்கிறது ஒரு கம்மிய குரல். அது நோய் வந்தபிறகு பேசியது, நான் இல்லை. அதனால் ஒரு உதவி செய். ஓய்வு பெற்ற வருடம் முதுகில் பையை மாட்டிக்கொண்டு நாம் ஊர் ஊராகச் சுற்றினோமே, அப்போது நான் எங்கே என்ன பேசினேன் என்று எழுது. மியூசியம், கோபுரம் எல்லாம் வேண்டாம். நான் பேசினது மட்டும்.

உன்
சொர்ணவல்லி


அம்பத்தூர்
27 ஜனவரி 2024

அன்பு சொர்ணா,

கட்டைவிரலுக்கு மன்னித்துக்கொள். மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள், கைக்குழந்தை முழுநேரமும் என் தோளில். இப்போதும் அதைத் தூளியில் போட்டு ஒரு காலால் ஆட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஆம்ஸ்டர்டாமில் இறங்கிய அன்றைக்கே நீ தொடங்கிவிட்டாய். சைக்கிள் பாதையின் நடுவே பையும் முதுகுமாக நின்று கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பின்னால் ஒரு பெரியவர் சைக்கிள் மணியை விடாமல் அடிக்கிறார். நீ திரும்பி, “ஏய்யா, தேரு வார மாதிரில்ல அடிக்கிறீரு! அங்கிட்டு எம்புட்டு எடம் கெடக்கு, ஒதுங்கிப் போனாத்தான் என்னவாம்?” என்றாய். ஆலங்குடிச் சந்தைக்கே கேட்டிருக்கும். மனுஷன் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்.

பாரிஸ் விடுதியில் நமக்கு மேல்கட்டில் ஒதுக்கியிருந்தார்கள். ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டு, “ஏறிருவேன் மேரி. நாளைக்கு என்னய எறக்க ஃபயர் சர்வீஸ் வண்டிக்குச் சொல்லி வச்சிரு” என்றாய். கீழே படுத்திருந்த கொரியாப் பெண் தானாக எழுந்து இடம் கொடுத்தாள். நீ அவள் முகத்தை இரண்டு கையாலும் வழித்து உன் நெற்றிப்பொட்டில் சொடுக்கினாய். அவள் முதலில் மிரண்டுபோனாள். நாம் அங்கிருந்து கிளம்பும்போது அவளே உனக்கு அதைச் செய்தாள், நினைவிருக்கிறதா?

வியன்னாவில் நின்றுகொண்டே ஓபரா பார்க்கும் டிக்கெட் வாங்கினோம். உனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் மேடையில் அந்தப் பெண் உச்சியில் பாடி நிறுத்தியபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆத்தா, இந்தப் புள்ளைக்கித் தொண்டை நல்லா இருக்கணும்” என்றாய். இதை எழுதலாமா என்று யோசித்தேன். நீ எல்லாவற்றையும்தானே கேட்டாய்.

உன் குரலில் கொஞ்சம் கரகரப்பு இருக்கும். பேச்சு முடியும் இடத்தில் மேலே ஏறும். வார்டில் நீ ஊசியோடு போய் நின்று பேச்சுக் கொடுத்தால் அரபிக் கிழவிகள் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார்கள். நான் போனால் முகத்தைச் சுளிப்பார்கள்.

அன்புடன்
மேரி


ஆலங்குடி
12 பிப்ரவரி 2024

மேரி கண்ணு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். கழுத்துத் துளையிலிருந்து வெறும் காற்றுதான் புஸ்புஸ்ஸென்று வந்தது. இலக்கியா மூச்சுத் திணறல் என்று நினைத்து அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடிவந்தாள். பால் முழுதும் பொங்கிப் போயிற்று.

நீ பிராக் நகரத்தை விட்டுவிட்டாய். வேண்டுமென்றேதான் விட்டிருப்பாய். அங்கே உனக்குக் காய்ச்சல். உன் மகள் போனில், “இந்த வயசுல ஒங்களுக்கு இதெல்லாம் தேவையா? திரும்பி வந்துருங்கம்மா” என்று அழுதாள். நீயும் போர்வைக்குள் அழுதாய். ஒருநாள் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் உன்னைப் போர்வையோடு பாலத்துக்கு அழைத்துப் போனேன். ஆற்றின் மேல் மூட்டம் விலகி ஒவ்வொரு சிலையாகத் தெரிந்தது. நீ, “சொர்ணா, நான் செத்தாலும் பரவால்லடி” என்றாய். அது உன் பேச்சு. பதிலுக்குப் பதில் எழுதிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லிஸ்பன் பாக்கியிருக்கிறது. உன் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று ரோமிலிருந்தே திரும்பிவிட்டோம். வருகிற மே மாதம் போவோமா? கழுத்தில் மறுபடி ஒரு சின்ன முடிச்சு தட்டுப்படுகிறது. டாக்டர் மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்கிறார். அதற்கு முன்னால் போய் வந்துவிடலாம். வசந்திடம் ஸ்லேட்டில் எழுதிக் காட்டினேன். அவன் அதைத் துணியால் துடைத்துவிட்டு, “சாப்புட வாங்கம்மா” என்றான். நீ வருவதாகச் சொன்னால் விடுவான்.

உன்
சொர்ணா


அம்பத்தூர்
25 பிப்ரவரி 2024

அன்பு சொர்ணா,

வசந்திடம் கேட்டு உன் ஸ்கேன் படங்களைப் போனில் வாங்கிப் பார்த்தேன். உன்னிடம் சுற்றி வளைக்க மாட்டேன். அது சின்ன முடிச்சு இல்லை. நம் வார்டில் இப்படி ஒரு நோயாளி வெளிநாட்டுப் பயணம் போக அனுமதி கேட்டிருந்தால் நீயே என்ன சொல்லியிருப்பாய்? குளிர்காற்று நேராகத் துளைக்குள் போகும். வழியில் சளி அடைத்துக்கொண்டால், தெரியாத ஊரில், சத்தம்கூடப் போட முடியாமல்... நான் பக்கத்திலேயே இருந்தாலும் என் கையில் என்ன இருக்கும்?

முதலில் மருந்தை ஏற்றிக்கொள். குணமாகட்டும், பிறகு பார்ப்போம். உன்மேல் உள்ள பிரியத்தால்தான் முடியாது என்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. உனக்காகத் தினமும் ஜெபம் செய்கிறேன்.

அன்புடன்
மேரி


ஆலங்குடி
4 மார்ச் 2024

மேரி,

‘குணமாகட்டும், பிறகு பார்ப்போம்.’ இதை நாம் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம்! எப்போது சொல்வோம் என்பது எனக்கும் தெரியும்.

பிராகில் நீ காய்ச்சலில் கிடந்தபோது நான் உன்னை நோயாளியாகப் பார்க்கவில்லை. மேரியாகத்தான் பார்த்தேன். இங்கே வீட்டில் எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள், குரல் போனால் காதும் போய்விடும் என்பதுபோல. நீயும் அதே மாதிரி எழுதிவிட்டாய்.

இனி லிஸ்பன் பேச்சை எடுக்க மாட்டேன்.

சொர்ணவல்லி


அம்பத்தூர்
2 ஏப்ரல் 2024

என் சொர்ணா,

வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் கடைசிக் கடிதம் வந்த பிறகு இரண்டு வாரம் உனக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. அதனால்தான் குழந்தையை மகளிடம் கொடுத்து லீவு போடச் சொல்லிவிட்டு, பரணிலிருந்த பையை இறக்கி மாட்டிக்கொண்டு சொல்லாமல் வந்து நின்றேன். என்னைப் பையோடு வாசலில் பார்த்ததும் நீ ஸ்லேட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதிக் காட்டினாய். அதை இங்கே எழுத முடியாது. பேரன் வளர்ந்து படித்தால் என்ன நினைப்பான்?

உன் குரலைத்தான் இதுவரை எழுதிக் கொடுத்தேன். அப்போது நாம் போன சித்தன்னவாசல் குகைக்கோயிலில் நீ பேசியதையும் எழுதித் தந்துவிடுகிறேன், கணக்கில் விடுபடக் கூடாது. அதே மாவட்டத்தில் பிறந்தும் அதுவரை நாம் இருவரும் அங்கே போனதில்லை என்பது எவ்வளவு பெரிய வெட்கம்! காரை நிறுத்திய இடத்திலிருந்து குகைக்கு வருவதற்குள் நான்கு இடத்தில் உட்கார்ந்தாய். இளநீர்க்காரர், “எங்கேருந்துங்க வாறீங்க, ரெண்டு பேரும் பையெல்லாம் மாட்டிக்கிட்டு?” என்று கேட்டார். நீ ஸ்லேட்டில் ‘வியன்னா’ என்று எழுதிக் காட்டினாய். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “அது அறந்தாங்கிப் பக்கமாங்க?” என்றார். உன் துளையிலிருந்து புஸ்ஸென்று வந்தது சிரிப்பு என்று அவருக்குப் புரியவில்லை.

கூரையில் இருந்த தாமரைக் குளத்தை ரொம்ப நேரம் பார்த்தாய். வாத்தும் மீனும் பாதி அழிந்துவிட்டன, பூப் பறிக்கிறவர் மட்டும் இன்னும் பறித்துக்கொண்டே இருக்கிறார். காவலர் ஆண்டிச்சாமி நம்மை உள்ளறைக்குக் கூப்பிட்டு, “வாயை மூடிக்கிட்டு ‘ம்’முன்னு மட்டும் சொல்லிப் பாருங்கம்மா, செவுரே திருப்பிச் சொல்லும்” என்றார். சொன்ன பிறகுதான் உன் கழுத்துத் துணியைக் கவனித்தார். மனுஷனுக்கு முகம் கறுத்துவிட்டது. நீ அவர் தோளைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்து, நீ சொல் என்பதுபோல் கையை ஆட்டினாய். நான் ‘ம்’ என்றேன். நீ கண்ணை மூடி உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றாய். நிறுத்தியதும் மறுபடி கையை ஆட்டினாய். எனக்கு மூச்சு வாங்கும்வரை விடவில்லை.

வெளியே வந்ததும் எழுதினாய்: ‘கையில கேட்டுச்சு.’

சொர்ணா, நான் எழுதிய அந்தக் கடிதத்தை நினைத்தால் என் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. சொன்னது சரிதான். ஆனாலும் அதைச் சொல்ல உனக்கு ஒரு டாக்டர் இருக்கிறார். நான் எதற்கு?

உன்
மேரி


ஆலங்குடி
9 மே 2024

அன்பு மேரிக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். மருந்தை இரண்டு தடவை ஏற்றிக்கொண்டேன். மூன்றாவதுக்குத் திருச்சிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வசந்த் என் காலடியில் உட்கார்ந்து, “எனக்காகவாச்சும் வாங்கம்மா” என்று அழுதான். அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன், ஸ்லேட்டை எடுக்கவில்லை. சில விஷயத்துக்குக் குரல் இல்லாததே நல்லது.

வலிக்கு மருந்து தருகிறார்கள். பகலிலும் தூக்கம்தான். விழித்திருக்கும் நேரத்தில் இலக்கியாவை உன் கடிதங்களைப் படிக்கச் சொல்வேன். நாம் சுற்றியதெல்லாம் இப்போது அவளுக்கும் தெரியும். “ஒங்க மருமகளா வந்து இத்தன வருஷமாச்சு, இதுல ஒண்ணக்கூட நீங்க சொல்லவே இல்லயே அத்த” என்று குறைப்படுகிறாள். சொல்லியிருக்கலாம். நேரம் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

ஒன்று கேட்பேன், மறுக்காதே. கடைசியில் நீ வராதே. வாயைக் கட்டிக் கிடத்தியிருப்பார்கள். அந்த முகம் உனக்கு வேண்டாம். அழுவதற்கு இங்கே பங்காளிகளும் தெருக்காரர்களும் நிறைய இருக்கிறார்கள். உன் பேரனைப் பார்த்துக்கொள். உனக்கு முழங்கால் வலி, ரயில் படி ஏறி இறங்க வேண்டாம்.

நல்ல சிநேகிதி நீ எனக்கு. போதும்.

உன்
சொர்ணா


ஆலங்குடி, உன் அறை
17 மே 2024

என் சொர்ணா,

வந்துவிட்டேன். வராதே என்று நீ சொன்னதை என்னால் கேட்க முடியவில்லை.

காலையில் வசந்த் புதுக்கோட்டை ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். வீட்டுக்கு வந்ததும், “அம்மா நேத்துலேருந்து கண்ணு முழிக்கலைங்க அத்தை” என்றான். அவன் என்னை அத்தை என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

இலக்கியாவைப் போய்க் குளித்துச் சாப்பிடச் சொன்னேன். இரண்டு நாளாக உன் பக்கத்தை விட்டு நகரவில்லை அந்தப் பெண். நான் கழுத்துத் துளையைச் சுத்தம் செய்து, ஈரத்துணியை மாற்றி, உன்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். முதுகில் புண் ஒன்றும் இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தலை வாரி நுனியில் முடிச்சுப் போட்டிருக்கிறேன். உன் உதட்டைப் பஞ்சால் நனைத்தபோது கொஞ்சம் சப்பினாய்.

மத்தியான வெயில் ஜன்னலில் அடிக்கிறது. பக்கத்து வீட்டில் யாரோ மிளகாய் வறுக்கிறார்கள். நீ மூச்சு விடுகிறாய், நிறுத்துகிறாய், நெடுநேரம் கழித்து மறுபடி விடுகிறாய். இந்த மூச்சு நம் இருவருக்கும் தெரியும். வார்டில் இதைக் கேட்டதும் நம்மில் ஒருத்தி வீட்டாரைக் கூப்பிடப் போவாள், ஒருத்தி பக்கத்தில் இருப்பாள். வழக்கமாக இருப்பது நீதான். எனக்குத் தைரியம் போதாது என்று என்னைத்தான் வெளியே அனுப்புவாய்.

வசந்தைக் கூப்பிட்டுவிட்டேன். காலடியில் உட்கார்ந்திருக்கிறான். இலக்கியா ஈரத்தலையோடு வந்து மறுபக்கம் உட்கார்ந்துவிட்டாள்.

உன் வலது கை என் இடது கைக்குள் இருக்கிறது. சற்று முன்னால் உன் விரல்கள் ஒருமுறை இறுகின. நீ பிடித்தாயா, உறக்கத்தில் தானாக மடங்கியதா என்று எந்த நர்ஸாலும் சொல்ல முடியாது. நீ பிடித்ததாகவே நான் வைத்துக்கொள்கிறேன்.

பதில் எழுத வேண்டாம், சொர்ணா. நான் இங்கேதான் இருக்கிறேன்.

உன்
மேரி