லீவு நாளிலும் என் பெயர்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

சர்வர் அறையின் சூட்டைப் பார்த்து தினமும் கம்ப்யூட்டரில் பதிவது என் வேலை அல்லவா? நான் இல்லாவிட்டால் கம்பெனியே உருகிவிடும். போன வாரம் என்ஜினியரம்மா கறுப்புத் திரையில் 'லாஸ்ட்', அதாவது 'கடைசி' என்று ஒரே ஒரு இங்கிலீஷ் சொல் அடித்தாள். யார் எந்த நாள், எத்தனை மணிக்கு லாகின் செய்தார்கள் என்று பட்டியல் கொட்டியது. மேனேஜருக்கு நாலு வரி, எனக்கு நாற்பது!

"என்ன மாமா, லீவு நாள்லயும் ரெண்டு நிமிஷம் லாகின் பண்ணியிருக்கீங்க? திருட்டு வேலையோன்னு மேனேஜர் சந்தேகப்படுறாரு. வேலையை விட்டே தூக்கிருவாரு."

"கடமைம்மா!" என்றேன். பின்னால் உட்கார்ந்திருந்த மேனேஜர் எழுந்து நின்று கைகொடுத்தார். நாலு பேர் கண் கலங்கினார்கள்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். லாகின் செய்ததும், 'நீ கடைசியாக வந்தது இன்ன தேதி, இன்ன மணி' என்று கம்ப்யூட்டர் எனக்குக் காட்டும். இந்த ஊரில் என் வரவைக் குறித்துவைப்பது அது ஒன்றுதான். அதைப் பார்க்கத்தான் போனேன். கைகொடுத்த மேனேஜரே சொல்லிவிட்டார், இனி லீவு நாளில் தொடக்கூடாதாம்.

ஆகவே இரண்டு பனியனோடு ஒரு காகிதமும் அனுப்பு. நான் கடைசியாக வீட்டுக்கு வந்த தேதியை உன் கையால் எழுது. எனக்குத் தெரியும்தான், இருந்தாலும் எழுது. மணியும் போடு.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது.

உன் வீட்டுக்காரன்