ஓடைக்கு மேலே ஒரு விடுதி

பச்சைமலை
12.6.2003

அன்புள்ள மலர்கொடிக்கு,

நலமா? உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல். போன கடிதத்துக்கு நீ பதிலே போடவில்லை.

இந்த விடுதியில் அறைகளையும் சமையற்கட்டையும் மேற்பார்வை பார்க்கும் வேலை எனக்கு. பெரம்பலூரில் நாம் சேர்ந்து படித்த சுற்றுலாப் பயிற்சியில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? எத்தனை பேர் வந்து தங்கினாலும் மலை கெடக் கூடாது, கழிவுநீர் குழிக்குத்தான் போக வேண்டும் என்று. இங்கே எல்லாம் பின்பக்க ஓடைக்குப் போகிறது. கீழ் ஊர்க்காரர்கள் அதைத்தான் குடிக்கிறார்கள். மேனேஜரிடம் கேட்டேன். "படிச்சதை பெரம்பலூர்லயே வச்சிட்டு வந்திருக்கணும்மா" என்கிறார். படுத்தால் தூக்கம் வரவில்லை. என்னடி செய்ய?

உன் சுகன்யா

செட்டிகுளம்
20.6.2003

சுகன்யா,

உனக்கு வேலை கிடைத்துத் தூக்கமில்லை, எனக்குக் கிடைக்காமல் தூக்கமில்லை. அதே படிப்பைப் படித்துவிட்டு நான் வெங்காயக் காட்டில் களை எடுக்கிறேன். "இதுக்குத்தான் பஸ் ஏறி ஏறிப் போய்ப் படிச்சியாக்கும்" என்று அம்மா குத்திக்கொண்டே இருக்கிறாள். மலையைத் திருத்தவா உன்னை வேலைக்கு வைத்தார்கள்? வாயை மூடிக்கொண்டு இரு. முடியாவிட்டால் சொல், உன் இடத்துக்கு நான் வருகிறேன். விளையாட்டுக்கு எழுதவில்லை.

மலர்

ரஞ்சன்குடி
9.7.2003

மலர்,

வீட்டுக்கு வந்துவிட்டேன். தங்க வந்த ஒரு அம்மா, "ஓடையில புள்ளையக் குளிக்க வைக்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்றார். சொல்லிவிட்டேன். அன்றைக்கே என்னைப் பெட்டியைக் கட்டச் சொன்னார்கள். அப்பா என்னோடு பேசுவதில்லை.

பயிற்சி நடத்திய சாரைப் பார்த்தேன். விடுதியிலிருந்து அவரிடம் என் இடத்துக்கு ஆள் கேட்டார்களாம், அவர் சொன்னதும் நீ உடனே சரி என்றாயாம். போவதானால் போ. போவதற்கு முன் ஒரு தடவை வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போ.

சுகன்யா

பச்சைமலை
2.8.2003

சுகன்யா,

உன் முகத்தைப் பார்க்க வந்திருந்தால் நான் இங்கே வேலைக்கு வந்திருக்க மாட்டேன். அதனால்தான் வரவில்லை. உள்ளே நுழைந்துவிட்டால் மெதுவாக மாற்றிவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். முதல் நாளே கழிவு வாளியைக் கையில் கொடுத்தார்கள். ஓடையில் ஊற்றினேன். கீழே ஒரு பெண் குடத்தோடு நின்றிருந்தாள். தண்ணீர் தெளியட்டும் என்று குடத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவோ ஊரெல்லாம் என் வேலையைச் சொல்லிப் பூரிக்கிறாளாம். நீயாவது திட்டி எழுது.

மலர்

ரஞ்சன்குடி
11.8.2003

மலர்,

திட்டத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. வேலையை விடு என்றும் சொல்ல மாட்டேன். அந்த வெயிலில் களை எடுத்தவள் நீ, நான் இல்லை.

நேற்று அந்தக் கீழ் ஊருக்குப் போயிருந்தேன். நீ பார்த்த பெண்ணின் பெயர் அம்மாக்கண்ணு. வரும் ஞாயிற்றுக்கிழமை அவளும் மற்றப் பெண்களும் நியாயம் கேட்க விடுதிக்கு வருகிறார்கள். நானும் வருகிறேன். "ஓடையில நாங்க ஒண்ணும் விடுறதில்லை" என்று மேனேஜர் சாதிப்பார். நீயும் அங்கேதான் நிற்பாய்.

உன் பக்கம் திரும்பி அது உண்மையா என்று கேட்பது அம்மாக்கண்ணுதான், நான் இல்லை. அவளுக்குப் பதில் சொல்.

சுகன்யா