மலிவாகத் தெரிந்த ஆண்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் நேற்றிலிருந்து நினைப்பு.

உங்கள் விமானக் கம்பெனியின் பங்கு கொள்ளை மலிவு, பி.இ. விகிதம் நான்குதான் என்று எழுதியிருந்தீர்கள். பங்கின் விலையை, ஒரு பங்குக்கு ஓராண்டில் கிடைத்த லாபத்தால் வகுத்தால் வரும் எண் அது. நாலே வருட லாபத்தில் போட்டது வந்துவிடும் என்றால் யாருக்கு ஆசை வராது? எனக்கும் வந்தது.

ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. நூலகத்தில் பழைய ஆண்டறிக்கைகளை எடுத்து, பன்னிரண்டு வருட விகிதங்களை வரைபடத்தாளில் குறித்தேன். மூன்று வருடங்களுக்கு எண்ணே இல்லை. அச்சுப்பிழை என்று நூலகரிடம் சண்டைக்கே போய்விட்டேன். "டீச்சர், அந்த வருஷமெல்லாம் நஷ்டம். லாபமே இல்லாதப்போ எதால வகுப்பீங்க?" என்றார். கணக்கு டீச்சருக்கு இது தேவைதான்.

வேடிக்கை இனிமேல்தான். நஷ்டத்திலிருந்து தட்டுத்தடுமாறி எழுந்த வருடம், லாபம் துளியூண்டு என்பதால் விகிதம் நாற்பது; பங்கோ அடிமாட்டு விலை. லாபம் கொட்டிய வருடம் விகிதம் ஐந்து. மறுவருடமே எரிபொருள் விலை ஏறி, லாபம் கரைந்து, பங்கும் பாதியாகிவிட்டது. ஒரு குடைக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அடைமழை மாத வருமானத்தை வைத்துப் பார்த்தால், கடைக்குச் சொல்லும் விலை மலிவு. கோடை வருமானத்தை வைத்தால் அதுவே யானை விலை. கடை அதே கடைதான். இன்றைய பங்கு விலையை, நஷ்டங்களையும் சேர்த்த பன்னிரண்டு வருடச் சராசரி லாபத்தால் வகுத்தேன். உங்கள் நான்கு, பதினெட்டாகிவிட்டது. பங்கு இனி ஏறாது என்று சத்தியம் செய்ய மாட்டேன். அது எனக்குத் தெரியாது.

பங்குக்கு எடுத்து வைத்திருப்பது உங்கள் கண் அறுவை சிகிச்சைக்கான பணம் என்று அண்ணி நேற்று போனில் சொன்னார். இரட்டிப்பானதும் இரண்டு கண்ணையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளலாம் என்கிறீர்களாம். விமானம் பழுதுபார்க்கும் கூடத்திலிருந்து உங்களைச் சாமான் அறைக்கு மாற்றியதையும் அவர்தான் சொன்னார். எனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்க மாட்டேன்.

பங்கை எந்த வருடமும் வாங்கலாம். டாக்டர் சொன்னது இந்த மாதம். ரயிலுக்குப் பதிவு செய்துவிட்டேன். கண்ணுக்கு மருந்துவிட ஆள் வேண்டுமே. வர வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இதை அண்ணிதான் வாசித்துக் காட்டுவார் என்று தெரியும். அண்ணி, இந்த இடத்தில் அவர் முகம் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் தங்கை