தமிழ் தெரிந்த நடுவர்

அப்பா,

சோறு அடுப்படியில் மூடியிருக்கிறது. பருப்பை மட்டும் சூடாக்கிக்கொள்ளுங்கள். நானும் தங்கச்சி ஷாமிளாவும் பெல்மதுளை மைதானத்துக்குப் போகிறோம். பின்நேரம்தான் வலைப்பந்து இறுதிப் போட்டி.

நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். நேற்று அரையிறுதியில், அந்த நடுவர் மிஸ்ஸைச் சிங்களவர் என்று நினைத்துத்தானே “கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?” என்று தமிழில் கத்தினீர்கள்? அவர் திரும்பி, “அவியலிங்கய்யா, நல்லாத் தெரியுது. நீங்க உக்காருங்க” என்றதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதுவரை ஷாமிளா எறிந்த பந்தெல்லாம் வளையத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை. மற்றப் பிள்ளைகள்தான் காப்பாற்றினார்கள்.

“அப்பா வந்தா நான் வெளையாட மாட்டேன்” என்று வீட்டுக்கு வந்து அழுதாள். இன்று காலையில் சப்பாத்து மாட்டும்போது, “கத்தாம இருப்பாருன்னா வரச் சொல்லுக்கா” என்றாள்.

வாங்க அப்பா. கை தட்டுங்கள், அது போதும். எதிரணிப் பிள்ளைகள் நன்றாகப் போட்டாலும் தட்டுங்கள்.

வீட்டைப் பூட்டிச் சாவியைப் புஷ்பம் அத்தையிடம் கொடுங்கள்.

சுகந்தினி

இன்றைக்கும் அதே மிஸ்தான் நடுவர். ஆட்டம் தொடங்குமுன் போய் மன்னிப்புக் கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம்.